அத்திமரப் பாட்டில் ஒரு சொல்

ராஜபாய் வாசிப்பதை முதல் தடவை கேட்டபோது எனக்குக் கோபம்தான் வந்தது. பாளையங்கோட்டையில் முப்பத்தோரு வருஷம் தமிழ் டீச்சராக இருந்தவள் நான். ளகரத்தை லகரமாகச் சொன்ன பிள்ளைகளை பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்திய கை இது. மகன் அனிலுக்குத் திருவனந்தபுரத்தில் வேலை கிடைத்து, நானும் மூட்டை முடிச்சோடு அங்கே நேமத்துக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. இங்கே உள்ள தமிழ்ச் சபையில் சேர்ந்த சில வாரங்களிலேயே லெந்து என்கிற தவக்காலம் தொடங்கிவிட்டது.

இந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தின நாள் வரை, ஞாயிறு நீங்கலாக நாற்பது நாளும் சாயங்காலம் ஆறரைக்கு யாராவது ஒருவர் வீட்டில் கூடுவார்கள். நாளுக்கு ஒரு பாட்டு. அந்தக் காலத்தில் இங்கே இருந்த உபதேசியார் ஒருவர் எழுதிய நாற்பது பாட்டுகள். சிலது வெண்பா போலத் தொடங்கி நடுவில் நொண்டும், சிலது கீர்த்தனை. ஆனால் அந்த மனுஷர் அழுதுகொண்டே எழுதியிருக்கிறார் என்பது எனக்கும் தெரிந்தது. பாட்டை வாசித்து, கொஞ்ச நேரம் சும்மா இருந்து, ஜெபம் பண்ணி, கஞ்சியும் பயறும் குடித்துவிட்டுக் கலைவார்கள். வாசிப்பவர் எப்போதும் ராஜபாய்தான். பத்தொன்பது வருஷமாக அவள்தானாம்.

சபையில் மற்றவர்களுக்குத் தமிழ் கேட்டால் புரியும். எழுத்துத்தான் தகராறு. படித்ததெல்லாம் மலையாளப் பள்ளிக்கூடம். சின்னப் பிள்ளைகள் அந்தப் பாட்டுகளை மலையாள எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு பின்தொடர்வார்கள். ராஜபாயும் மலையாளப் பள்ளிக்கூடம்தான். ஆனால் அவள் அம்மா வேதாகமத்தை மடியில் வைத்துத் தமிழ் எழுத்து சொல்லிக் கொடுத்திருக்கிறாள். அதில் ராஜபாய்க்கு ஒரு கர்வம் உண்டு. எனக்கு என் கர்வம். ஒரு சபையில் இரண்டு பேருக்குத் தமிழ் தெரிந்தால் போதாதா சண்டைக்கு?

சண்டை வெளியில் வரவில்லை. நான் மனசுக்குள் திருத்திக்கொண்டே இருப்பேன், அவ்வளவுதான். அவள் குரல் கனமான குரல். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்துவாள். "பாவியானேன்" என்று வரும் இடங்களில் தலை நிமிராமல் வாசிப்பாள். கேட்கிறவர்கள் அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

அவளுக்கு அறுபத்திரண்டு வயது. பத்திரப்பதிவு ஆபீசில் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவள். அப்பா ரயில்வேயில் கேங்மேன். ராஜபாய்க்கு இருபத்திரண்டு வயது இருக்கும்போது அவர் போய்விட்டார். தம்பி நேசமணிக்கு அப்போது பன்னிரண்டு. இவள் பரீட்சை எழுதி வேலைக்குச் சேர்ந்து தம்பியைப் படிக்கவைத்தாள். அவன் மதுரைக்குப் போய் பாலிடெக்னிக் படித்தான். அங்கேயே மில்லில் வேலை, அங்கேயே கல்யாணம், அங்கேயே குடித்தனம். இவள் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "நேரம் கிட்டேல்ல" என்பாள். அம்மா கடைசியில் ஏழு வருஷம் படுக்கையில் கிடந்தாள். பார்த்துக்கொண்டதும் இவள்தான். இதெல்லாம் எனக்கு அவளே சொன்னது. எப்போது சொன்னாள் என்பதைத்தான் இனிமேல் சொல்லப்போகிறேன்.

இந்த வருஷம் இருபத்தொன்பதாவது பாட்டு எங்கள் வீட்டில் விழுந்தது. அது அத்திமரத்துப் பாட்டு. சுவிசேஷத்தில் வருகிற கதைதான். மூன்று வருஷமாகக் காய்க்காத மரத்தை வெட்டு என்று எஜமான் சொல்கிறான். தோட்டக்காரன், ஐயா இந்த ஒரு வருஷம் விடும், கொத்தி எருப்போட்டுப் பார்க்கிறேன் என்கிறான். உபதேசியார் அதை மரமே கெஞ்சுவது போல எழுதியிருந்தார்.

வெட்டென்று சொன்னீர்; வேலையாள் கைக்கோடரி
தொட்டிடும் முன்னமோர் சொல்லுண்டு - பட்டமரம்
ஆனாலும் ஆண்டவரே இவ்வாண்டும் எந்தனுக்குத்
தானமாய்த் தாரும் அவகாசம்.

ராஜபாய் முதல் மூன்று வரியைத் தாழ்ந்த குரலில் வாசித்தாள். நாலாவது வரிக்கு வந்ததும் முதுகை நிமிர்த்தி, கையை முன்னால் நீட்டி, "தாரும் அவகாஷம்!" என்று ஒரு போடு போட்டாள். வட்டிக்கடை வாசலில் நின்று நகையைத் திருப்பிக் கேட்கிறவள் மாதிரி இருந்தது. போன வருஷமும் இப்படித்தான் வாசித்தாள். போன வருஷம் நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். இந்த வருஷம் என் வீடு, என் நாற்காலி. வாய் சும்மா இருக்கவில்லை.

கஞ்சி பரிமாறும்போது எல்லார் முன்னாலும் கேட்டேன். "ராஜபாய், அந்தக் கடைசி வரியை ஏன் இப்படி அதட்டி வாசிக்கிறீங்க? அந்த மரம் பாவம், தானமாக் கேக்குது. காலில் விழுந்து கேக்குற இடம்லா அது?"

"காலில விழுந்து எதுக்கு கேக்கணும் டீச்சரே? அவகாசம் அல்லவா? தேவனுக்க பிள்ளைக்கு உள்ள அவகாசத்த தைரியமாட்டுத்தான் கேக்கணும்."

"அவகாசம்னா என்னன்னு நினைச்சீங்க?"

"அவகாசம்னா அவகாசம்தான். உரிமை. சொத்துல உள்ள பங்கு."

நான் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பை இன்றைக்கு நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளத் தோன்றுகிறது. "அது உங்க மலையாளத்துல. தமிழ்ல அவகாசம்னா நேரம், தவணை. இன்னும் கொஞ்சம் நாள் குடும்னு கேக்குது மரம். பத்தொன்பது வருஷமா அது தவணை கேக்குது, நீங்க பங்கு கேட்டிருக்கீங்க."

உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப்பேர் சிரித்தார்கள். "ஐயோ, அதுக்கு சாவகாசம்னு அல்லவா பறயும்!" என்றாள் ஜிஷா, நர்சிங் படிக்கிற பெண். அவள் சொன்னது சரிதான். மலையாளத்தில் முன்னால் ஒரு 'சா' சேர்ந்தால் அவசரமில்லாமல் நேரம் எடுத்துச் செய்வது. அந்த எழுத்து இல்லாவிட்டால் உரிமை. பதிவு ஆபீசில் ஒரு நாளைக்கு ஐம்பது தடவை அந்தச் சொல்லை எழுதிக் கை தேய்ந்தவள் ராஜபாய்.

அவள் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. கஞ்சிக் கிண்ணத்தைத் தரையில் வைத்தாள். "நேரமா?" என்று ஒரு தடவை கேட்டாள். "நிச்சயமாட்டும் நேரம்தானா டீச்சரே?" ஆமாம் என்றேன். புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டாள். அவமானப்பட்டுப் போகிறாள் என்று நினைத்தேன். உள்ளுக்குள் ஒரு திருப்திகூட இருந்தது.

மறுநாள் மத்தியானம், சாப்பிட்ட பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தபோது வந்தாள். ராத்திரி தூங்காத முகம். செருப்பைக் கழற்ற மறந்து உள்ளே வந்து, பிறகு திரும்பிப் போய்க் கழற்றிவிட்டு வந்தாள். போனை என் கையில் கொடுத்தாள்.

"டீச்சரே, இத ஒண்ணு வாசியுங்க. உங்க தமிழ்ல வாசியுங்க."

மூன்று வருஷத்துக்கு முந்தின செய்தி. அம்மா இறந்த பிறகு, அவள் குடியிருக்கிற வீட்டை அம்மா வாய்ச்சொல்லாகச் சொன்னபடி தன் பெயருக்கு மாற்ற, தம்பி வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று இவள் கேட்டிருக்கிறாள். அதற்கு நேசமணி எழுதியது.

"அக்கா, கையெழுத்து விஷயமா நீ கேக்குறது நியாயம்தான். ஆனா எனக்கு அவகாசம் வேணும். கேக்கவே கூச்சமா இருக்கு. நேர்ல வந்து விவரம் சொல்றேன்."

இன்னொரு தடவை வாசித்தேன். நிமிர்ந்து பார்த்தேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நாள் கேட்டிருக்கார்," என்றேன். "கையெழுத்துப் போட இப்ப முடியல, கொஞ்சம் நாள் வேணும்னு கேட்டிருக்கார். அவ்வளவுதான் ராஜபாய்."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். அவளுடைய பதிலும் கீழே இருந்தது. "உனக்கு அவகாசம் வேணும்னா கோர்ட்டில் போய்க் கேளு. இந்த வீட்டு வாசலில் வராதே." அதற்குப் பிறகு அந்தப் போனில் நேசமணியிடமிருந்து ஒன்றும் இல்லை. இவள் பங்கைப் பற்றி எழுதினாள். அவன் என்ன நினைத்திருப்பான்? அக்கா வழக்குப் போடப்போகிறாள், நாலு நாள் பொறுக்கக்கூட மாட்டேன் என்கிறாள், தவணை வேண்டுமானால் ஜட்ஜிடம் கேள் என்கிறாள். கோர்ட்டில் அவகாசம் கேட்பது என்பது தமிழ்நாட்டில் தினமும் நடக்கிற காரியம். ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் இரண்டு திசையில் நடந்திருக்கிறார்கள்.

அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னாள். அப்பா, பரீட்சை, பாலிடெக்னிக், அம்மாவின் ஏழு வருஷம். "எனக்க கையால சோறு வாரிக்குடுத்து வளத்தவன், எனக்கிட்டயே பங்கு கேக்கான்னு நினைச்சேன் டீச்சரே. கூச்சமா இருக்குன்னு வேற எழுதியிருக்கான், கூச்சம் உண்டுன்னா பின்ன எதுக்கு கேக்கான்னு எனக்கு அப்படி ஒரு கோபம், தேஷ்யம்."

நான் சமாதானம் சொன்னேன். தப்பு தெரிந்துவிட்டது, இனிமேல் என்ன, போன் போட்டுப் பேசினால் முடிந்தது என்றேன். கணக்குக்கு விடை கண்டுபிடித்த வாத்திச்சியின் குரலில்தான் சொல்லியிருப்பேன். அவள் தலையை ஆட்டினாள்.

"முடியாது. நீங்க முழுசும் கேக்கேல்ல. அது கழிஞ்சு மூணு மாசத்துல அவனுக்க பெண்டாட்டி மரிச்சுப்போச்சு. கனகபாய். அடக்கத்துக்கு எனக்கு ஆள் அனுப்பிச் சொன்னான். நான் போகேல்ல."

"ஏன்?"

"லெந்து நடக்குது, வாசிப்பு முடங்கிரப்படாதுன்னு சொல்லி விட்டேன்."

கொஞ்ச நேரம் கழித்து அவளே போனை எடுத்தாள். ராஜபாய்க்கு வலது காது மந்தம். எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள், தெருவுக்கே கேட்கும். அன்றைக்கும் அப்படித்தான். நான் எழுந்து அடுக்களைக்குப் போகப் பார்த்தேன். கையைப் பிடித்து உட்காரவைத்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்கமாட்டான் என்று நினைத்தபோது எடுத்தான்.

"அக்காவா?"

"நான்தான்டா மக்கா." அவள் குரல் அந்தக் கனமெல்லாம் போய்ச் சின்னதாகிவிட்டிருந்தது. முன்னும் பின்னுமாகச் சொன்னாள். பாட்டு, அத்திமரம், டீச்சர், சொல். நடுநடுவே மூக்கைச் சிந்தினாள். "நீ நேரம்தான் கேட்டியாடா? பங்கு கேக்கேல்லையா?"

"பங்கா? எனக்கு எதுக்குக்கா பங்கு? அவளுக்குக் கேன்சர்னு அந்த வாரம்தான் தெரிஞ்சது. யாருக்கும் சொல்லாதீங்க, அடுத்த ஸ்கேன் பாத்துட்டுச் சொல்லிக்கலாம்னு சொன்னா. அவளை விட்டுட்டு வர முடியல. அதான் அவகாசம் கேட்டேன். நீ கோர்ட்டுக்குப் போன்னு எழுதின. சரி, அக்காவுக்கு வீடுதான் பெருசுன்னு விட்டுட்டேன்."

"அய்யோ, அந்த ஒரு வாக்கு தெற்றிப்போச்சுடா. எனக்கு மனசிலாகேல்ல. ஒரே ஒரு வாக்கு." அவள் அழுதுகொண்டே சிரித்தாள். எனக்கும் கண்ணில் நீர் வந்துவிட்டது. இதோ முடிந்தது, ஒரு சொல்லால் வந்த வினை ஒரு சொல்லால் தீர்ந்தது என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே நேசமணி பேசினான். சத்தம் போடவில்லை. களைத்துப்போன குரல்.

"சரிக்கா. ஒரு பேச்சுக்கு, நான் பங்கே கேட்டிருந்தேன்னு வை. அதுக்காக அவ அடக்கத்துக்கு வராம இருப்பியா?"

என் முகத்திலும் சேர்த்து அறைந்தது அந்தக் கேள்வி. நேற்றிலிருந்து நானும் அவளும் அகராதியில் தேடிக்கொண்டிருந்தோம். அவன் கேட்டது அகராதியில் இல்லாத காரியம். பங்கு கேட்டிருந்தாலும் அது அம்மாவின் வீடு, அவனும் அம்மாவின் பிள்ளை. மலையாளத்தில் எடுத்தாலும் தமிழில் எடுத்தாலும் அன்றைக்கு அக்கா அங்கே போய் நின்றிருக்க வேண்டும்.

அந்தச் சொல்லைப் பற்றி ராஜபாய் மறுபடியும் சொல்வாளோ என்று பயந்தேன். சொல்லவில்லை.

"வந்திருக்கணும்டா," என்றாள். "வாக்கு தெற்றினது ஒரு காரணம் இல்ல. நான் வந்திருக்கணும். வராதது எனக்க பாவம்."

"ம்."

"இப்ப வரட்டாடா?"

மதுரையில் யாரோ ஒருவன் தெருவில் உப்பு விற்றுக்கொண்டு போனான், அது கேட்டது. "வீடு அங்கதான் இருக்கு, மாறல," என்றான் நேசமணி. போன் அணைந்தது.

அது வா என்றதா, வராதே என்றதா? எனக்குத் தெரியவில்லை, தமிழ் டீச்சருக்கே தெரியவில்லை. அவள் யோசிக்கவும் இல்லை. பையிலிருந்து பாட்டுப் புத்தகத்தை எடுத்து என் மடியில் வைத்தாள்.

"பதினொண்ணு பாட்டு பாக்கி உண்டு. இண்ணு முதல் நீங்க வாசியுங்க டீச்சரே."

"பெரிய வெள்ளி வருதே, நீங்க இல்லாம எப்படி?"

"வாசிப்பு முடங்கினா முடங்கட்டும், முடங்கேல்லன்னா கர்த்தருக்கு ஸ்தோத்திரம்," என்றாள். மறுநாள் விடியற்காலை நாகர்கோவில் பஸ்ஸில் ஏறிவிட்டாள். அங்கிருந்து மதுரைக்கு மாற வேண்டும்.

நான் வாசித்தேன். உச்சரிப்பில் ஒரு குறை சொல்ல முடியாது. ஜிஷா மட்டும் நாலாவது நாள் மெதுவாகச் சொன்னாள், "ரத்னாபாய் ஆன்ட்டி, நீங்க வாசிச்சா தமிழ் பீரியடில் இருக்கிறது போல இருக்கு." அவள் கேலிக்குச் சொல்லவில்லை, அதுதான் வலித்தது. வீட்டுக்கு வந்து பாட்டுகளை எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி வாசித்துப் பார்த்தேன். "பாவியானேன்" என்கிற இடத்தில் நான் யாரையோ சொல்லுகிற மாதிரித்தான் இத்தனை நாளும் வாசித்திருக்கிறேன். கஞ்சிக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்த ஒருத்தியை நாலு பேர் முன்னால் பார்த்துச் சிரித்த வாய் இது. அன்றைக்கு அவளைத் திருத்த எழுந்ததில் அன்பு ஒரு துளியும் கிடையாது. அவளுக்கு அதனால் நன்மை வந்தது என்றால் அதில் எனக்குப் பங்கில்லை. பெரிய வெள்ளியன்று என் குரல் இரண்டு இடத்தில் உடைந்தது.

அந்தப் பதினோரு நாளும் அவளிடமிருந்து ஒரு போன் இல்லை. நானும் போடவில்லை, பயம். ஈஸ்டர் காலையில் ஆராதனை முடிந்து வெளியே வந்து செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது அவளே கூப்பிட்டாள்.

"அவர் பேசினாரா?" என்று எடுத்ததும் கேட்டேன்.

"முதல் நாலு நாள் ஒண்ணும் பேசேல்ல. காப்பி போட்டு வைப்பான், குடிப்பேன். நான் சோறு வைப்பேன், தின்னுவான். பாத்திரம் கழுவ விடமாட்டான்." பெருமூச்சு விட்டாள். "பெரிய வெள்ளிக்கு அவனே கல்லறைக்குக் கூட்டிட்டுப் போனான். அங்க வச்சு நான் ஒண்ணும் வாசிக்கேல்ல டீச்சரே. ஒரு பாட்டும் வாயில வரேல்ல. கனகபாய்க்க பேருல கையை வச்சுட்டு இருந்தேன். திரும்பி வர வழியில, எத்தனை நாள் இருப்பேன்னு கேட்டான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நீ போகச் சொல்லுறது வரைக்கும்னு சொன்னேன்."

"சொன்னாரா?"

"இதுவரைக்கும் சொல்லேல்ல," என்றாள் ராஜபாய்.